நடக்கிறார் என்று எழுதினேன்

விடுதி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே! குளிப்பாட்டுவது, கஞ்சி ஊட்டுவது, படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது, இவையெல்லாம் உங்களுக்கு மேட்ரனம்மா சொல்லித் தருவார். என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவார். நான் பேச வந்தது வாசலைப் பற்றி. வயதானவர் ஒருவரை எங்கே விடுவது என்று தெரியாமல் ஒரு குடும்பம் கேட்டைத் திறந்துகொண்டு வருகிறதே, அந்த முதல் அரை மணி நேரத்தைப் பற்றி. அவர்களுக்கு இடத்தைச் சுற்றிக் காட்டுவதும், கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்வதும்தான் இருபத்தாறு வருஷம் என் உத்தியோகம்.

நான் பள்ளிக்கூடம் போனது மூன்றாவது வகுப்பு வரைக்கும்தான். மீதிப் படிப்பெல்லாம் மளிகைக் கடைப் பொட்டலக் காகிதத்திலும் மருந்து புட்டிகளின் மேல் ஒட்டிய சீட்டிலும். ஆனால் மனிதர்களின் பேச்சு மட்டும் என் காதில் விழுந்தால் போகவே போகாது. வாசலில் நின்று ஒவ்வொருவரும் சொன்னதை வரிசையாகச் சொல்வேன், கேளுங்கள். ஒரு மருமகப் பிள்ளை சொன்னார்: "மாமாவுக்கு ஒண்ணுமில்லீங்க. ஞாபகம் மட்டும் கொஞ்சம் ஊருக்குப் போயிருக்கு." குப்பத்திலிருந்து வந்த ஒரு மீன்காரம்மா: "எங்க நைனாவுக்கு ஒடம்பு இங்க கீது. மனசு எங்க சுத்திக்கினு கீதோ, இன்னான்னு சொல்றது?" மயிலாப்பூர் மாமி ஒருத்தர்: "எங்காத்துல எடம் இல்லேன்னு இல்லை. எங்களுக்குத்தான் தெம்பு இல்லை." அப்போது இந்த நோய்க்கு எங்களிடம் ஒரு பெயர்கூடக் கிடையாது. நினைப்பு தப்பினவர் என்போம். அவ்வளவுதான்.

அந்த நாளில் நம் விடுதி அடையாற்றில் ஆற்றை ஒட்டின ஒரு பழைய பங்களா. தர்மவான்கள் சிலர் சேர்ந்து நடத்தினார்கள். ஜட்கா வண்டிக்காரனிடம் விடுதி என்றால் விழிப்பான்; 'கெழவங்க பங்களா' என்றால் நேரே கொண்டுவந்து இறக்குவான்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பார்க்க வருகிறவர்களைக் காலை பத்து மணிக்கு மேல் பதினொன்றுக்குள்தான் உள்ளே விடுவோம். அந்த நேரத்தில் எல்லோரும் குளித்திருப்பார்கள். கஞ்சி குடித்த மயக்கத்தில் சாய்ந்திருப்பார்கள். தரை கழுவிக் காய்ந்திருக்கும். பெண் பார்க்க வருகிற வீட்டில் எப்படி முன்கூடத்தை மட்டும் பெருக்கி ஜமுக்காளம் விரிக்கிறார்களோ, அப்படி. முன்கூடம், சமையற்கட்டு, மாமரத்தடி, கிணறு என்று காட்டிக்கொண்டு போய் வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்திவிடுவேன். நினைப்பு தப்பினவர்கள் இருந்தது பின்கட்டில். "கேட்டா காட்டு. கேக்காட்டி நீயா காட்டாதே" என்பது மேட்ரனம்மாவின் உத்தரவு.

கேட்டவர்கள் குறைவு. தியாகராய நகரிலிருந்து தம் சித்தப்பாவுக்காக ஒருவர் வந்தார். கிணற்றுத் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தார். சமையல்காரர் எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்தார். ஜன்னல் வழியாக மேற்கு வெயில் அடிக்குமா என்று கட்டில் மேல் ஏறி நின்று பார்த்தார். "பேஷ், பேஷ்" என்று கையெழுத்துப் போட்டார். சித்தப்பாவோடு யார் பேசுவார்கள் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இப்படிப் பத்து வருஷம் ஓட்டினேன். எனக்கு இது கெட்டிக்காரத்தனமாகத்தான் இருந்தது.

பிறகு அந்த டீச்சரம்மா வந்தார்.

நாற்பத்திரண்டாம் வருஷம், சித்திரை மாதம். ஜப்பான்காரன் கப்பல் வங்காள விரிகுடாவுக்குள் வந்துவிட்டது, இன்றைக்குக் குண்டு போடுவான், நாளைக்குப் போடுவான் என்று பட்டணம் முழுவதும் ஒரே பேச்சு. இங்கே வேலை இல்லாதவர்கள் வெளியூர் போய்விடுங்கள் என்று சர்க்காரே சொல்லியாகிவிட்டது. மயிலாப்பூர் மாட வீதிகளில் வீட்டுக்கு வீடு பூட்டு. எழும்பூர் ஸ்டேஷனில் ஜன்னல் வழியாகப் பிள்ளைகளை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அப்படி ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு கேட்டருகில் குடையோடு ஒரு அம்மாள் நின்றார். சாந்தோம் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எங்கள் பங்கு மாதா கோயிலில் திருவிழா சமயங்களில் முகம் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. நாற்பத்தைந்து வயதிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மயிலாப்பூரில் ஒரு சந்து வீட்டில் அண்ணனும் அவருமாக இருந்தார்கள்.

"எங்க ஸ்கூல் போர்டிங்கை வேலூர் பக்கம் மாத்தறாங்க. நாலு நாள்ல பிள்ளைங்களோட நானும் போகணும். அங்க பொம்பளப் பிள்ளைங்க தங்கற இடத்துல அண்ணனை வெச்சுக்க முடியாது. உள்ள பார்க்கலாமா?"

நாலு மணி என்றால் என்ன என்று உங்களுக்கே இன்னும் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். பொழுது சாயச் சாய நினைப்பு தப்பினவர்களுக்கு ஒரு பரபரப்பு வரும். வீட்டுக்குப் போகணும் என்பார்கள். கதவை ஆட்டுவார்கள், அழுவார்கள். அன்றைக்கும் பின்கட்டிலிருந்து ஒரே சத்தம்.

"இப்போ டயம் இல்லீங்க டீச்சரம்மா. நாளிக்கு பத்து மணிக்கு வாங்க, நானே சுத்திக் காட்டறேன்."

"பத்து மணிக்கு எனக்கு கிளாஸ் இருக்கே."

"அப்போ லீவு போட்டுட்டு வாங்க. நிம்மதியா பார்க்கலாம்."

சத்தம் வந்த பக்கம் ஒரு தரம் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் குடையை விரித்துக்கொண்டு போனார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு வந்தார். முன்கூடத்தைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். ஆனால் தண்ணீரைக் குடித்துப் பார்க்கவில்லை. மாமரத்தடியில் நின்றுகொண்டு அண்ணனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

"அண்ணன் முப்பது வருஷம் டிராம் ஓட்டினவர். இப்ப சில நாள் என் பேரே அவருக்குத் தெரியறதில்லை. ஆனா காலையில எழுந்தா நடக்கணும். தண்டவாளத்தைப் பிடிச்சுக்கிட்டு லஸ்ஸுல இருந்து ராயப்பேட்டை மணிக்கூண்டு வரைக்கும் போவார். அங்க திரும்பி அதே தண்டவாளத்துல வீட்டுக்கு வந்துடுவார். ஒரு நாளும் தவறினதில்லை."

"வண்டி இட்சிடாதா?"

"ஓட்டறவங்க எல்லாருக்கும் அவரைத் தெரியும். தூரத்துலயே மணி அடிச்சுடுவாங்க. 'நைனா, ஓரமா வா, உன் லைன்ல நாங்க வர்றோம்'னு கத்துவாங்க. கால் ஓய்ஞ்சு நின்னுட்டார்னா ஏத்திக்கிட்டு வந்து சந்து முனையில இறக்கி விட்டுடுவாங்க. அதனாலதான் இத்தனை நாள் எனக்குப் பிழைப்பு ஓடிச்சு."

சிரித்தார். உடனே சிரிப்பு நின்றுவிட்டது.

"ரெண்டு இடம் பார்த்துட்டேன். சர்க்கார் ஆஸ்பத்திரியில, உள்ள வந்தா நடைங்கற பேச்சே கிடையாதும்மான்னு நேராவே சொல்லிட்டாங்க. தியாகராய நகர்ல ஒரு டாக்டர் தன் வீட்டுலயே நாலு பேரை வெச்சுப் பார்த்துக்கறார். நல்ல மனுஷன். கட்டில் இருக்கு, மின்விசிறி இருக்கு. கட்டிலுக்கும் சுவத்துக்கும் நடுவுல ஆறடி. 'இங்க நடக்க இடமில்லை, யோசிச்சுக்கோங்க'ன்னு அவரே சொன்னார். உங்களைத்தான் கடைசியா கேக்கறேன். அண்ணனைத் தினமும் நடக்க விடுவீங்களா? இல்லேன்னா சொல்லிடுங்க. வேலையை விட்டுட்டு அவரோட இங்கயே இருந்துடலாம்னும் ஒரு யோசனை இருக்கு."

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி கேட்க முடியாது. இத்தனை வருஷத்தில் சரியான கேள்வியோடு என் முன்னால் வந்து நின்றவர் அவர் ஒருத்தர்தான்.

அன்று காலையில்தான் எங்கள் ஆட்களில் இரண்டு பேர் மூட்டையைக் கட்டிக்கொண்டு சொல்லாமல் கிளம்பியிருந்தார்கள். மீதிப் பேரும் வெளியில் கால் வைக்கத் தயாராக இருந்தார்கள். எனக்கு அது தெரியும். ஆனால் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தேன். நாலு நாளில் ஊரைவிட்டுப் போக வேண்டியவர். உத்தியோகம் போனால் அண்ணன், தங்கை இருவருக்கும் சோறில்லை. மேலே குண்டு விழலாம். இந்த நேரத்தில் ஒரு நல்ல வார்த்தை சொல்லாவிட்டால் நான் என்ன மனுஷன் என்று தோன்றியது.

"இன்னா டீச்சரம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? தெனமும் ஒரு ஆள் கூடப் போவான். பாலம் வரிக்கும் கூட்டினு போயிட்டு கூட்டினு வருவான். நீங்க நிம்மதியா போங்க."

"நிச்சயமா?"

"நான் இருக்கேன்."

அவர் பின்கட்டைப் பார்க்கக் கேட்கவில்லை. என் பேச்சைக் கேட்டபிறகு அவருக்கு அது தேவைப்படவில்லை.

அண்ணனை மூன்றாம் நாள் கொண்டுவந்து விட்டார். உயரமான ஆள், காக்கி கோட்டு, வெறுங்கால். கேட்டுக்கு வெளியே போய்த் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். அடையாற்றில் ஏது தண்டவாளம்? என்னிடம் வந்து அதிகாரமாகக் கேட்டார்:

"லைன் எங்கடா?"

"இங்க இன்னும் போடல நைனா."

"லைன் போடாத ஊர்ல என்னை எதுக்குடா எறக்கி வுட்டீங்க?"

டீச்சரம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார், சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. நான் சுண்ணாம்பு கரைத்து எடுத்துவந்து, கேட்டிலிருந்து கிணறு வரைக்கும், கிணற்றிலிருந்து மாமரம் வரைக்கும் மணலில் இரண்டு கோடு போட்டேன். அவர் கோட்டில் கால் வைத்தார். நடந்தார். டிராம் ஓட்டுகிறவர்கள் காலால் உதைத்துத்தான் மணி அடிப்பார்கள். அதைப்போல ஒவ்வொரு திருப்பத்திலும் குதிகாலால் தரையில் ஓங்கி உதைத்தார். அதைப் பார்த்துவிட்டுத்தான் டீச்சரம்மா ரயிலேறினார்.

ஒன்பது நாள் என் வாக்கைக் காப்பாற்றினேன். பொய் சொல்லவில்லை, ஒன்பது நாள். அதற்குள் பதினோரு ஆட்களில் நாலு பேர்தான் மிஞ்சினோம். முப்பத்திரண்டு கிழவர்கள், நாலு ஆள். பத்தாம் நாள் நான் உள்ளே ஒருவரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது நைனா கேட்டைத் தாண்டிப் போய்விட்டார். தேடிப் போனேன். ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நின்று காலால் தரையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "லைன் முழுகிடுச்சி" என்றார்.

மேட்ரனம்மா கோபப்படவில்லை. "ஒருத்தர் நடக்கணும்னு முப்பத்தோரு பேரை விட்டுட முடியாது. உட்கார வை" என்றார், அவ்வளவுதான். பின்கட்டில் குறுக்குக் கட்டை போட்ட நாற்காலிகள் இருந்தன. உட்கார வைத்துக் கட்டையைச் செருகிவிட்டால் தானாக எழுந்திருக்க முடியாது. அதில்தான் உட்கார வைத்தோம்.

இந்த இடத்தில் நீங்கள் என்னைத் திட்டலாம். ஆனால் மேட்ரனம்மா எடுத்த முடிவு தப்பு என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். ஆள் இல்லை. ஆறு பக்கத்தில். உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வரும், நீங்களும் அதைத்தான் செய்வீர்கள். நான் தப்புச் செய்தது வேறு இடத்தில்.

எங்களிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. மாதத்தின் முதல் சனிக்கிழமை எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரு கார்டு போடுவோம். நான்தான் எழுதுவேன். கார்டுகளை மேஜையில் வரிசையாகப் பரப்பிவைத்து, எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: சௌக்கியம், நன்றாகச் சாப்பிடுகிறார், கவலை வேண்டாம். முதல் மாதம் டீச்சரம்மாவின் கார்டில் மட்டும் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தேன். 'தினமும் நடக்கிறார்.' அப்போது அது நிஜம். அடுத்த மாதம் என்ன எழுதுவது என்று பேனாவை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு பழைய வரியையே எழுதினேன். மூன்றாம் மாதம் உட்காரவே இல்லை. கை தானாக எழுதிவிட்டது.

ஆடி மாதம் அவரிடமிருந்து பதில் வந்தது. குண்டு குண்டான கையெழுத்து, பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதுவதுபோல. 'அண்ணன் நடக்கிறார் என்று படித்த அன்றைக்குத்தான் எனக்குத் தூக்கம் வந்தது. இங்கே இன்னும் சில மாதம் இருக்கச் சொல்கிறார்கள். அங்கே அண்ணனுக்குச் சரிப்படவில்லை என்றால் மறைக்காமல் ஒரு வரி எழுதுங்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.'

அந்தக் கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் அலைந்தேன். பின்கட்டில் போய் நைனாவைப் பார்த்தேன். முதல் மாதம் நாற்காலியில் இருந்தபடியே தரையை உதைத்து மணி அடித்துக்கொண்டிருந்தவர், அதையும் நிறுத்தியிருந்தார். சத்தம் நின்றது எங்களுக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உண்மையை எழுதினால் அந்த அம்மாள் உத்தியோகத்தை விட்டுவிட்டு வருவார். வந்து? வெறிச்சோடின ஊரில், வாடகை வீட்டில், என்ன செய்வார்? இவர் போகப் போகிறவர், அவர் வாழ வேண்டியவர். இப்படி நானே கேள்வி கேட்டு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். இன்னொன்றும் உண்டு. ஊரே ஓடியபோது நான் ஓடவில்லை. பெண்டாட்டி பிள்ளைகளை மாமனார் ஊருக்கு அனுப்பிவிட்டு நான் மட்டும் இந்தக் கிழவர்களோடு இருந்தேன். அந்தப் பெருமை என் நெஞ்சில் இருந்தது. இவ்வளவு செய்கிறவனுக்கு ஒரு வரி பொய் பெரிய பாவமா என்று தோன்றியது.

'கவலை வேண்டாம். தினமும் நடக்கிறார்' என்று எழுதிப் போட்டேன்.

குண்டு ஒன்றும் விழவில்லை. ஐப்பசிக்குள் பாதி ஊர் திரும்பிவிட்டது. கார்த்திகையில் பள்ளிக்கூடமும் திரும்பி வந்தது. வந்த அன்றே டீச்சரம்மா விடுதிக்கு வந்தார். கையில் புதிதாக ஒரு ஜோடி கான்வாஸ் ஜோடு. "வெறுங்காலோட நடந்து நடந்து பாதம் என்ன ஆச்சோ" என்றார்.

பின்கட்டுக்கு அழைத்துப் போனேன். முதல் தடவையாக அவருக்கு அந்தக் கதவைத் திறந்தேன். நைனா தலையைத் தொங்கப் போட்டபடி இருந்தார். குறுக்குக் கட்டையைப் பார்த்த டீச்சரம்மா அதைத் தாமே உருவி எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தார். அண்ணனின் இரண்டு கைகளையும் பிடித்து, "எழுந்திரிண்ணா, டயமாச்சு" என்றார். அவர் எழப் பார்த்தார். முழங்கால் நிமிரவில்லை. ஏழு மாதம் மடங்கியே இருந்த கால். டீச்சரம்மா தரையில் உட்கார்ந்து அந்தக் காலை மடியில் வைத்துத் தடவித் தடவிப் பார்த்தார். பாதம் பிள்ளைப் பாதம்போல மெத்தென்று இருந்தது.

"எந்த மாசத்துலேருந்து?" என்று என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"வந்த ரெண்டாவது வாரத்துலேருந்து."

"நான் கார்டு எழுதினப்பவே இப்படித்தானா?"

"ஆமாங்க. ஆள் இல்லீங்க டீச்சரம்மா. நீங்க உத்தியோகத்த உட்டுட்டு வந்துடுவீங்கன்னுதான்..."

"வந்திருப்பேன்" என்றார். காலை மடியிலிருந்து இறக்காமலே, "அது நான் முடிவு பண்ண வேண்டியது இல்லையா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. பிள்ளைகளிடம் கேள்வி கேட்பதுபோலத்தான் கேட்டார்.

அன்றைக்கே ஜட்கா பேசி அண்ணனை அழைத்துப் போய்விட்டார். நானும் ஜட்காக்காரனுமாகத் தூக்கி உட்கார வைத்தோம். வீட்டில் காலையில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வந்து, அவரே எண்ணெய் போட்டு உருவிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். கால் நிமிரவில்லை. படுத்த படுக்கையாகி, மாசி மாதம் நைனா போய்விட்டார்.

அடக்கத்துக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. காக்கி கோட்டு போட்ட டிராம்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். கூட்டம் கலைந்தபிறகு டீச்சரம்மா என்னிடம் வந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உங்க மேல எனக்குக் கோபம் இல்லை. நீங்க நல்லவர். அதுதான் வினையாப் போச்சு. உங்க முகத்துல ஒரு துளி கெட்டத்தனம் தெரிஞ்சிருந்தாலும் நான் அந்தப் பின்கட்டைக் காட்டுங்கன்னு கேட்டிருப்பேன்."

எத்தனையோ பேர் சொன்ன எத்தனையோ வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். அதிலெல்லாம் ஒரு ருசி உண்டு, சொல்லிச் சிரிக்கலாம். இந்த ஒன்றை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு நான் வாசலில் வேறு மாதிரி பேச ஆரம்பித்தேன். எங்களால் என்னென்ன முடியாது என்பதை முதலில் சொன்னேன். பின்கட்டை முதலில் காட்டினேன். பல பேர் அப்படியே திரும்பிப் போனார்கள். மேட்ரனம்மா, "நீ வாசல்ல நிக்கறியா, வழியை மறைச்சிக்கிட்டு நிக்கறியா?" என்று கேட்டார். இரண்டு முறை என்னை வேலையை விட்டு அனுப்பவும் பார்த்தார்கள். திரும்பிப் போனவர்கள் எங்கே போனார்கள், அங்கே அவர்களுக்கு யார் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. அதை நினைத்தாலும் பாரமாகத்தான் இருக்கிறது.

உங்களில் சில பேருக்கு நல்ல முகம். வந்ததுமே கவனித்தேன். பேச்சும் இதமாக இருக்கிறது. வாசலுக்கு உங்களைத்தான் போடுவார்கள். எதிரே நிற்கிறவர் நாலு இடம் ஏறி இறங்கிக் களைத்து வந்திருப்பார். உங்கள் முகத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வியை விட்டுவிடுவார். அவர் விட்ட அந்தக் கேள்வியை அவருக்குப் பதிலாக நீங்கள் கேளுங்கள். பதிலையும் நீங்களே சொல்லுங்கள், அவர் அழுதாலும் சரி.